கணினியில் இசை அமைப்போம்

ஒரு பாட்டுக்கு இசை அமைக்க என்ன வேண்டும்?

ஆர்மோனியம் வேண்டும். தபலா வேண்டும். வயலின்காரர் நாலு பேர் வேண்டும். எல்லோரும் உட்கார ஒரு பெரிய கூடம் வேண்டும். பதிவு செய்யும் இயந்திரம் வேண்டும். கூடத்துக்கு வாடகை மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாது என்றுதான் நாம் நினைத்திருந்தோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஒரு கைப்பேசி இருந்தால் இசை அமைக்கத் தொடங்கிவிடலாம். மும்பையில் இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாண்டுப்பில் ரயில் ஏறினால் சயான் நிலையத்தில் இறங்கலாம். அதன் பக்கத்தில்தான் தாராவி இருக்கிறது.

தாராவிப் பிள்ளைகள் பலர் ராப் பாடுகிறார்கள். ராப் என்றால் சந்தத்தோடு, தாளத்துக்குச் சரியாக, வேகமாகப் பேசிப் பாடுவது. நம் ஊர்க் கும்மியிலும் தெருக்கூத்திலும் வசனத்தைத் தாளத்தோடு சொல்வது உண்டு அல்லவா? அதற்குப் பக்கத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராவியின் டோப்அடெலிக்ஸ் என்ற குழு 2018-இல் வெளிவந்த 'காலா' படத்தில் பாடியது. அது ரஜினிகாந்த் நடித்து, பா. இரஞ்சித் இயக்கிய படம். தாராவியின் கதையைச் சொன்ன படம். செவன் பண்டாய்ஸ் என்று இன்னொரு குழு. அவர்கள் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று கலந்து பாடுகிறார்கள். 'தாராவி டிரீம் புராஜெக்ட்' என்ற அமைப்பு 2015-இல் தொடங்கியது. அது பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பணம் வாங்காமல் ராப்பும், வாயாலேயே தாளம் போடும் கலையும், ஆட்டமும் சொல்லிக்கொடுத்தது.

வாயால் தாளம் போடலாம். ஆனால் பாட்டாக வெளியிட வேண்டுமானால் பின்னணி இசை வேண்டும். அந்தப் பின்னணியை இந்தப் பிள்ளைகள் 'பீட்' என்கிறார்கள். பீட் செய்வது பெரும்பாலும் கணினியில்தான்.

உங்கள் மகனோ மகளோ, "நான் பீட் செய்யப் போகிறேன், ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாண்டுப்பில் ஒரு வீட்டில் பேச்சு இப்படி நடக்கலாம்.

"ஏல, இதுக்கு எவ்வளவு ரூவா ஆவும்?"

"ஒத்தப் பைசா வேண்டாம்மா. உன் போனைக் குடு, போதும்."

"பைசா வாங்காம எவன்ல குடுப்பான்?"

அந்த அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் பின்னால் வருகிறது. முதலில் மென்பொருள் என்றால் என்ன என்று பார்ப்போம்.

கணினி ஒரு பெட்டி. கைப்பேசியும் ஒரு சின்னக் கணினிதான். பெட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது. இந்த வேலையை இப்படிச் செய் என்று அதற்குக் கட்டளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். ஆங்கிலத்தில் சாஃப்ட்வேர். கைப்பேசியில் அதையே ஆப் என்கிறோம். பணம் அனுப்ப ஒரு ஆப், படம் பார்க்க ஒரு ஆப் இருப்பதுபோல, இசை அமைக்கவும் ஆப் இருக்கிறது.

நாம் பாடும் குரல் காற்றில் வரும் அதிர்வு. மைக் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. கணினி அந்த மின்சாரத்தை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. எத்தனை முறை அளக்கிறது தெரியுமா? இசைத்தட்டுத் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை! அதனால்தான் பாட்டு போனில் இவ்வளவு இடம் பிடிக்கிறது. சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 30 எம்.பி. குரல் ஒன்று, கோரஸ் ஒன்று என்று தனித்தனியாகப் பதிவு செய்தால் இன்னும் கூடும். போனில் கல்யாண வீடியோக்களை நிறைத்து வைத்திருந்தால் இசைக்கு இடம் இருக்காது.

குரல் இருக்கட்டும். தாளம் எப்படி வருகிறது? இதைப் பெண்கள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். கோலத்துக்கு முதலில் புள்ளி வைக்கிறோம் அல்லவா? அதுபோலத் திரையில் கட்டங்கள் இருக்கும். ஒரு வரிசையில் 16 கட்டம். முதல் வரிசை 'தும்' என்று ஒலிக்கும் பெரிய முரசுக்கு. இரண்டாம் வரிசை 'டக்' என்று ஒலிக்கும் சின்ன முரசுக்கு. மூன்றாம் வரிசை 'ட்ச்' என்று ஒலிக்கும் ஜால்ராவுக்கு. எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அங்கே ஒரு புள்ளி விழும். ஓட விட்டால் இடமிருந்து வலமாகக் கோடு ஒன்று நகரும். புள்ளி இருக்கும் இடத்தில் ஒலி வரும். கடைசிக் கட்டம் வந்ததும் மறுபடி முதல் கட்டத்துக்குப் போகும். முரசும் இல்லை, அடிக்கிற கையும் இல்லை. ஆனால் தாளம் தப்பாது.

எவ்வளவு வேகம் என்பதையும் எண்ணால் சொல்லலாம். சும்மா உட்கார்ந்திருப்பவரின் நாடி நிமிடத்துக்கு 72 முறை போல அடிக்கும். ராப் பாட்டுகளில் பல 80-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும். திரையின் மேலே பி.பி.எம். என்று மூன்று எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதே அந்த எண்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 16 கட்டம் என்பது 'தகதிமி'யை நாலு முறை சொல்வது. நம் ஊர்த் தப்பாட்டத்திலும் கும்மியிலும் 'தகிட தகிட' என்று மும்மூன்றாக வரும் அடி நிறைய உண்டு. அதை 16 கட்டத்தில் அடைத்தால் நொண்டும். 'தகிட'வை நாலு முறை சொன்னால் 12 தானே வருகிறது? ஆகவே 12 கட்டம் வேண்டும். பல பிள்ளைகள் இது தெரியாமல், "நம்ம ஊர் அடி கம்ப்யூட்டரில் வராது" என்று விட்டுவிடுகிறார்கள். கட்டத்தின் எண்ணிக்கையை மாற்ற வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். மாற்ற முடியாத மென்பொருளால் நமக்குப் பாதி வேலைதான் ஆகும்.

இந்த மின்னணு இசை நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே இதற்கு ஒரு கூடம் அமைத்தார்கள். மும்பைக்காரர் சரண்ஜித் சிங் இந்திப் படங்களுக்குக் கிதார் வாசித்தவர். 1982-இல் அவர் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சுமார் முப்பது ஆண்டு கழித்து வெளிநாட்டில் அதை மறுபடி வெளியிட்டபோது, உலகமே அவரை முன்னோடி என்று கொண்டாடியது. அவர் 2015-இல் காலமானார். 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு இசை அமைத்தார். ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டுப் பின்புறத்திலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்த கதை.

அவர்களுக்கு அன்று தேவைப்பட்ட கருவிகளின் விலை லட்சக்கணக்கில் இருந்தது. அந்தக் கருவிகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று மென்பொருளே செய்கிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கடைக்குப் போய்ச் சேலை எடுப்பதுபோல இருநூறு வகை பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் பேண்ட்லேப் என்ற ஆப்பில் தொடங்கலாம். அது சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கியது. சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓடும். கணினியில் இணையம் வழியாகவும் திறக்கலாம். தாளக் கட்டம் உண்டு, குரல் பதிவும் உண்டு. பணம் கட்டத் தேவையில்லை. கூடுதல் வசதி வேண்டுமானால் பணம் கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடலாம். இதில் செய்த வேலை இணையத்தில் சேமிக்கப்படும். போன் உடைந்தாலும் பாட்டு போகாது. ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் கொஞ்சம் திண்டாட்டம். வேறு ஊரில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து ஒரே பாட்டில் வேலை செய்யவும் இதில் முடியும். வெளியிடும்போது எல்லோரும் கேட்கலாமா, தனக்கு மட்டுமா என்று கேட்கும். அதைப் படித்துப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

ஐபோன் இருந்தால் கராஜ்பேண்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் வெளியிட்டது. ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு இலவசம். மிக நல்ல மென்பொருள். ஆனால் அதற்காக யாரும் கடன் வாங்கி ஐபோன் வாங்க வேண்டாம்.

வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் வழி இன்னும் அகலம். ஆடாசிட்டி என்பது 2000-இல் வெளிவந்தது. குரலைப் பதிவு செய்ய, வெட்ட, ஒட்ட, இரைச்சலைக் குறைக்க அது கைகண்ட மருந்து. சின்னக் கணினியிலும் ஓடும். புள்ளி வைத்துத் தாளம் கட்ட அது அவ்வளவு ஏற்றதல்ல. தாளம் கட்ட எல்.எம்.எம்.எஸ். என்ற மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம். ஆனால் நேரடியாகக் குரல் பதிவு செய்ய அது தோதாக இல்லை. ஆகவே தாளத்தை எல்.எம்.எம்.எஸ்.-இல் செய்து, அதை ஆடாசிட்டிக்குக் கொண்டுவந்து, மேலே குரலைச் சேர்ப்பது சிக்கனமான வழி. மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடப்பதுபோலக் கொஞ்சம் அலைச்சல்தான். செலவு மட்டும் கிடையாது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பைசா வாங்காமல் ஏன் கொடுக்கிறார்கள்? ஆடாசிட்டியும் எல்.எம்.எம்.எஸ்.ஸும் ஊர்க் கிணறு மாதிரி. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து தோண்டியது. யாரும் தண்ணீர் எடுக்கலாம். எப்படித் தோண்டினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. தெரிந்தவர் யாரும் அதைத் திருத்தலாம். பேண்ட்லேப் அப்படி அல்ல. அது ஒரு நிறுவனம். கடைக்காரர் ருசி பார்க்கக் கொஞ்சம் மிட்டாய் கொடுப்பதுபோல, அடிப்படை வசதியை இலவசமாகக் கொடுக்கிறது. கூடுதல் வசதிக்குப் பணம் வாங்கிப் பிழைக்கிறது. இரண்டிலும் தப்பில்லை. எது எந்த வகை என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் எஃப்.எல். ஸ்டூடியோவைப் பற்றிப் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். பெல்ஜியம் நாட்டில் செய்தது. தாளக் கட்டத்தில் அது கெட்டிக்காரன். ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் புதிய பதிப்புகளும் இலவசம். வாங்கும் முன் சோதித்துப் பார்க்கவும் விடுகிறார்கள். ஆனால் சோதனைப் பதிப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. இன்று செய்த வேலையைச் சேமிக்கலாம், பாட்டாக வெளியே எடுக்கலாம். நாளை அதே வேலையைத் திறந்து தொடர முடியாது. பணம் கட்டினால்தான் அது திறக்கும். இதை அறியாமல் ஒரு வாரம் உழைத்துவிட்டு அழுத பிள்ளைகள் உண்டு. ரீப்பர் என்ற மென்பொருளில் அந்தத் தொல்லை இல்லை. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனி ஆளுக்கு விலை 60 டாலர்.

இந்த இடத்தில்தான் ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். "ஆயிரக்கணக்கில் ஏன் கொடுக்கிறாய்? நான் இருநூறு ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அது பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். உடைத்தவன் அதற்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது என்பது மறுபுறம். இப்படி வரும் மென்பொருளில் வைரஸ் ஒளிந்திருப்பது வழக்கம். அதே கணினியிலோ போனிலோ வங்கிக் கணக்கும் இருந்தால்? மாதம் முழுவதும் வீட்டு வேலை செய்து சேர்த்த பணம் ஒரு ராத்திரியில் போய்விடும். இலவசமாக நல்ல மென்பொருள் கிடைக்கும்போது இந்தத் துன்பம் நமக்கு எதற்கு?

மென்பொருளை அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து அல்லது போனில் உள்ள பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததும் அது அனுமதி கேட்கும். மைக் கேட்டால் கொடுக்கலாம். குரல் பதிவுக்கு மைக் வேண்டும். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டால்? இசைக்கும் குறுஞ்செய்திக்கும் என்ன சம்பந்தம்? வங்கியின் ரகசிய எண் வருவது குறுஞ்செய்தியில்தானே. மறுத்துவிடுங்கள்.

திரையில் எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். பழைய டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்த அதே குறிகள்தான். முக்கோணம் ஓட்டுவதற்கு. சதுரம் நிறுத்துவதற்கு. சிவப்பு வட்டம் பதிவு செய்வதற்கு. எழுத்துத் தெரியாதவரும் இதைக் கண்டுகொள்வார்.

குரல் பதிவு செய்வது பாண்டுப் போன்ற இடத்தில் தனிப் பாடு. ஒரே அறை வீடு. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். குழாயில் தண்ணீர் வந்ததும் வாளிச் சத்தம். தூரத்தில் ரயில். இதற்காகக் கூடம் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. சத்தம் அடங்கிய இரவில், கொடியில் இரண்டு கனத்த போர்வையை மூலையாகத் தொங்கவிட்டு, அதை நோக்கிப் பாடினால் போதும். சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைத் துணி குடித்துவிடும். சமையல் பாத்திரம் அடுக்கிய பக்கம் வேண்டாம், அது கணகணக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. காதில் மாட்டுவது கம்பி உள்ளதாக இருக்கட்டும். கம்பி இல்லாத புளூடூத் கருவியில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். தாளத்தைப் பிந்திக் கேட்டால் பாடுவதும் பிந்தும். "எனக்குத் தாளம் வரவில்லை" என்று பிள்ளை வருந்தும். குற்றம் பிள்ளையுடையது அல்ல, கருவியுடையது.

முதல் ஆறு மாதத்துக்கு இதற்குமேல் எதுவும் வாங்க வேண்டாம். பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் நல்ல மைக் ஒன்று வாங்கலாம். மும்பையில் லேமிங்டன் சாலையில் மின்னணுச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். பில் கேட்டு வாங்க வேண்டும். பழைய கணினி வாங்கினால் கடையிலேயே ஓட்டிப் பார்த்து, 8 ஜி.பி. நினைவகம் இருக்கிறதா என்று கேளுங்கள். 4 ஜி.பி. என்றால் ஆடாசிட்டி ஓடும். பெரிய மென்பொருள்கள் திணறும்.

பாட்டு முடிந்துவிட்டது. இனி அது யாருடைய சொத்து?

இணையத்தில் கிடைத்த பீட்டை அப்படியே எடுத்துப் பாடினால், குரல் மட்டும்தான் பிள்ளையுடையது, பீட் வேறொருவருடையது. இலவசம் என்று போட்டிருந்தாலும், காசு சம்பாதிக்கக் கூடாது என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கலாம். சொந்தமாகக் கட்டம் கட்டிச் செய்த பீட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி ஒருவர் பாட்டை உருவாக்கிப் பதிவு செய்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் முத்திரை குத்தத் தேவையில்லை. எழுதியவர், இசை அமைத்தவர் வாழ்நாள் முழுவதும் அந்த உரிமை உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. ஆகவே செய்த வேலையின் கோப்புகளை அழிக்காமல், தேதியோடு ஒரு பிரதி தனியாக வைத்திருப்பது நல்லது. நாளை யாராவது 'இது என்னுடையது' என்றால் காட்டுவதற்கு அது உதவும்.

பாட்டு நன்றாக இருந்தால் வாங்குவதற்கு ஆள் வருவார்கள். கையில் ஒரு காகிதம் கொண்டுவருவார்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அது கையெழுத்துப் போட்டால் செல்லாது. அப்பாவிடமோ அம்மாவிடமோதான் காகிதம் வரும். ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் வைத்து, "இங்கே ஒரு கையெழுத்து மட்டும்" என்பார்கள். அங்கேயே போட வேண்டாம். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எந்தப் பாட்டு என்று பெயர் எழுதியிருக்கிறதா? 'இனி செய்யும் எல்லாப் பாட்டும்' என்று இருந்தால் அது ஒரு பாட்டுக்கான பணம் அல்ல. எத்தனை ஆண்டுக்கு என்று இருக்கிறதா? உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால், சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். பாட்டு வெளியாகிப் பணம் வந்தால் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டா? இந்தப் பங்கைப் பாதுகாக்கத்தான் 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தின் இன்னொரு பிரதி உங்களிடமும் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் அதையும் வையுங்கள்.